ஞாயிற்றுக்கிழமை கார்த்தஹேனாவில் கப்பல் நின்றால்

கார்த்தஹேனாவில் ஞாயிறு அன்று இறங்கும் கப்பல் பயணிகளில் பாதிப் பேர் ஒரே தவறைச் செய்கிறார்கள். எட்டரைக்கு இறங்கி நேராகக் கடைவீதிக்குப் போகிறார்கள். எல்லாக் கடையிலும் ஷட்டர் இறங்கியிருக்கிறது. தெரு கழுவும் வண்டி ஒன்று, நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு பெரியவர், அவ்வளவுதான் நடமாட்டம். பதினொன்றரை வரை சுற்றிவிட்டு, ஊரில் ஒன்றுமே இல்லை என்று அலுத்துக்கொண்டு, ஏற்கெனவே காசு கட்டியாகிவிட்ட கப்பல் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஊர்க்காரர்கள் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வருவது அதற்கு ஒரு மணி நேரம் கழித்து.

முதலில் ஊர் எது என்று தெளிவாக்கிவிடலாம். இது ஸ்பெயினின் தென்கிழக்குக் கரையில், முர்சியா மாகாணத்தில் இருக்கும் கார்த்தஹேனா. கொலம்பியாவில் இருப்பது இதன் பெயரை வாங்கிக்கொண்டு 1533இல் உண்டான ஊர். மூத்த ஊருக்கே அது சொந்தப் பெயர் இல்லை என்பது வேறு விஷயம். கி.மு. 227 வாக்கில், வட ஆப்பிரிக்கக் கரையில் இருந்த கார்த்தேஜ் நகரத்தின் தளபதி ஹஸ்த்ருபால் இங்கே நகரம் அமைத்தபோது ‘குவார்த் ஹதஷ்த்’ என்று பெயர் வைத்தார். அவர்கள் மொழியில் அதற்குப் ‘புதூர்’ என்று பொருள். தாய்நகரமான கார்த்தேஜுக்கும் அதே பெயர்தான். பின்னால் பிடித்த ரோமானியர்கள் இதைக் ‘கார்த்தாகோ நோவா’ என்றார்கள். அதாவது புதுப் புதூர்.

ஸ்பெயினின் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தனிக் கடிகாரம் உண்டு. துணிக்கடை, செருப்புக்கடை, பெரும்பாலான சூப்பர் மார்க்கெட் எல்லாம் மூடியிருக்கும். அருங்காட்சியகங்கள் பத்து மணிக்குத் திறந்து மதியம் இரண்டு அல்லது மூன்றோடு முடிந்துவிடும். பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சின்ன கிளாஸும் ஒரு கடியுமாகக் குடும்பம் குடும்பமாகத் தெருவில் நிற்பார்கள். இரண்டு மணிக்கு மேல்தான் மதியச் சாப்பாடு. நாலு மணிக்கு அடுப்படி மூடிவிடும்; எட்டு, எட்டரை வரை தட்டில் சூடாக எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மறுபடி நடை. கப்பலின் கடிகாரத்துக்கு இது எதுவும் பொருந்தாது. அங்கே பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. ஐந்து, ஆறு மணிக்குக் கிளம்பும் கப்பல் என்றால் நாலரை, ஐந்தரைக்குள் எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும். ஆகவே காலையில் கட்டடங்கள், நண்பகலுக்கு மேல் தெரு என்று வரிசையை மாற்றிக்கொண்டால் அதே ஊர் வேறு ஊராகிவிடும்.

ஞாயிறு என்றதும் மனம் சோர்ந்துபோகிறவர்கள் திங்களை நினைத்துப் பார்க்கலாம். திங்களன்று கடைகள் திறந்திருக்கும், முக்கியமான அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். இந்த ஊருக்குக் கடைக்காக வருகிறவர் யாரும் இல்லை என்பதால் ஞாயிறுதான் மேல்.

கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும்போது மேல் தளத்தில் இருப்பது நல்லது. காலைச் சாப்பாட்டை அரை மணி தள்ளிப் போடலாம். இது இயற்கைத் துறைமுகம். இரண்டு பக்கமும் குன்று, ஒவ்வொரு குன்றின் தலையிலும் ஒரு கோட்டை. மேற்கே கலேராஸ், கிழக்கே சான் ஹூலியான். நுழைவாயிலில் இடப்பக்கம் சிவப்புக் கலங்கரை விளக்கம், வலப்பக்கம் பச்சை. துறைமுகத்துக்குள் வரும்போது இடது சிவப்பு, வலது பச்சை என்பது நம் சென்னையிலும் தூத்துக்குடியிலும் உள்ள அதே விதிதான். அமெரிக்கக் கண்டங்களில் இது தலைகீழ். இடப்பக்கம் இன்னும் உள்ளே கடற்படைத் தளமும் நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் தளமும் இருக்கின்றன. இங்கே கட்டிய எஸ்-81 நீர்மூழ்கி 2023 நவம்பரில் ஸ்பெயின் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. பெயர் ‘ஐசக் பெரால்’. அந்தப் பெயர் ஊருக்குள் மறுபடி வரும்.

இங்கே படகில் ஏறிக் கரைக்குப் போகும் தொல்லை இல்லை. கப்பல் நேராகத் துறைமேடையில் ஒட்டி நிற்கும்; நகர மையத்துக்குப் பத்து நிமிட நடை. ஷட்டில் பஸ், டாக்ஸி எதற்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை. இறங்கும் முன் பார்க்க வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று நேரம். ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம். லிஸ்பனிலிருந்து வரும் கப்பல் தன் கடிகாரத்தை மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் இருக்கலாம். செல்போன் கரையின் நேரத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளும், கப்பல் நேரம் அதற்குத் தெரியாது. இறங்கும் வாசலில் எழுதி வைத்திருக்கும் ‘கடைசியாக ஏற வேண்டிய நேரம்’ கப்பல் நேரம்தான். அந்தப் பலகையையும் வாசல் கடிகாரத்தையும் ஒரே படத்தில் வருவதுபோல போட்டோ எடுத்துக்கொண்டால் குழப்பமே வராது.

இரண்டாவது பாஸ்போர்ட். விசா தேவைப்படும் நாட்டுக்காரர்களின் பாஸ்போர்ட்டைப் பல கப்பல்களில் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்படியென்றால் முதல் பக்கம், விசாப் பக்கம் இரண்டின் நகலும் கையில் இருக்கட்டும். கப்பலில் தரும் அன்றைய நிகழ்ச்சித் தாளின் மூலையில் துறைமுக ஏஜெண்டின் தொலைபேசி எண் இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. கப்பலைத் தவறவிட்டால் அன்றைக்கு உதவக்கூடிய ஒரே ஆள் அவர்தான், அதனால் அந்த மூலையைக் கிழித்தாவது எடுத்துப் போகலாம். விசா விஷயத்தில் இன்னொன்று: பார்சிலோனா, பால்மா, கார்த்தஹேனா என்று ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் பகுதிக்குள்ளேயே சுற்றும் பயணத்துக்கு ஒரு முறை நுழையும் விசா போதும். நடுவில் மொராக்கோவின் தாஞ்சியர் இருந்தால் வெளியே போய்த் திரும்பி வருவதாகிவிடும், பலமுறை நுழையும் விசா வேண்டும். டிக்கெட் போடும்போதே பார்க்க வேண்டிய விஷயம் இது. துறைமுகத்தில் நின்றுகொண்டு சரிசெய்ய முடியாது.

சரி, பத்து மணிக்கு எங்கே நிற்க வேண்டும்? நகராட்சிக் கட்டடத்துக்கு எதிரே, ரோமானிய அரங்க அருங்காட்சியக வாசலில். ஒன்பதரைக்குக் கப்பலிலிருந்து கிளம்பினால் போதும். துறைமேடையை ஒட்டிய நடைபாதையில் தலையை முழங்காலுக்குள் புதைத்து உட்கார்ந்திருக்கும் பிரம்மாண்டமான மனித உருவம் ஒன்று வரும். பயங்கரவாதத்துக்குப் பலியானவர்களுக்காக வைத்தது. அதைத் தாண்டினால் நகராட்சிக் கட்டடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடலிலிருந்து மீட்ட மண்ணில் கட்டியது. மண் இறங்கி, அடித்தளம் ஆட்டம் கண்டு, பல ஆண்டு மராமத்துக்குப் பிறகு 2006இல் மறுபடி திறந்தார்கள். இப்போது பளபளவென்று நிற்கிறது.

ரோமானிய அரங்கம் இருப்பதே 1988 வரை யாருக்கும் தெரியாது. பழைய மாளிகை இருந்த இடத்தில் புதுக் கட்டடத்துக்குத் தோண்டும்போது கிடைத்தது. கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் பேரன்கள் கையுஸ், லூகியுஸ் இருவர் பெயரில் எழுப்பியது. ஆறாயிரம், ஏழாயிரம் பேர் உட்காரலாம். இவ்வளவு பெரிய ஒன்று எப்படிக் கண்ணில் படாமல் இருந்தது என்றால், மேலே மேலே கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் அரங்கத்தின் கல்லையே எடுத்து அதன்மேல் சந்தை. பிறகு வீடுகள். இருக்கை வரிசையின் மேல் விளிம்பில் ஒரு தேவாலயம். அந்தத் தேவாலயமும் 1936–39 உள்நாட்டுப் போரில் சிதைந்து, இன்றும் கூரை இல்லாமல் நிற்கிறது.

கட்டடக் கலைஞர் ரஃபாயேல் மொனேயோ வடிவமைத்து 2008இல் திறந்த அருங்காட்சியகத்தின் கெட்டிக்காரத்தனம் அதன் வழியில் இருக்கிறது. நுழைவது தெருவோர மாளிகை ஒன்றில். அங்கிருந்து தெருவுக்கு அடியில் ஒரு சுரங்க வழி, பிறகு நகரும் படிக்கட்டு, சிலைகளும் தூண் தலைகளும் உள்ள கூடங்கள், மறுபடி தேவாலயத்துக்குக் கீழே ஒரு நீண்ட நடை. ஏறிக்கொண்டே இருக்கிறோம் என்பது தெரியாது. கடைசியில் ஒரு சின்ன வாசல், அதைத் தாண்டியதும் வெயில், காலுக்குக் கீழே மொத்த அரங்கமும். நடு வரிசைகளைக் கட்டவில்லை. குன்றின் பாறையிலேயே வெட்டியிருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் பாறை எங்கே முடிந்து வைத்த கல் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். புதிதாகச் சேர்த்த கல் வேறு நிறத்தில் இருக்கும். பழையது எது, மராமத்து எது என்று கண்ணாலேயே பிரிக்கலாம்.

இங்கே பத்து மணிக்கே வரச் சொல்வதற்கு இரண்டு காரணம். ஞாயிறு இரண்டு மணிக்கு மூடிவிடும், கடைசி அரை மணியில் உள்ளே விடமாட்டார்கள். அதோடு ஜூன் முதல் செப்டம்பர் வரை பதினொன்றரைக்கு மேல் அந்தக் கல் வரிசைகள் தோசைக்கல் மாதிரி. நிழல் கிடையாது. தண்ணீர் பாட்டிலைக் கப்பலிலேயே நிரப்பிக்கொள்வது உத்தமம். ஞாயிறு காலையில் தண்ணீர் விற்கும் பெட்டிக்கடையைத் தேடி அலைய வேண்டியிருக்கும். கப்பல் ஏற்பாடு செய்யும் சுற்றுலாக் குழுக்களும் பத்து மணிக்கே வரும். அவர்கள் முதல் கூடத்தில் வழிகாட்டியைச் சுற்றி நிற்பார்கள். நேராக அரங்கத்துக்கு ஏறிப் பார்த்துவிட்டுச் சிலைகளைத் திரும்பும் வழியில் பார்த்தால் இருபது நிமிடமாவது அரங்கம் காலியாகக் கிடைக்கும்.

பதினொன்றேகாலுக்கு வெளியே வந்தால் ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கும். கால் திடமாக இருந்தால் கன்செப்சியோன் கோட்டைக் குன்று. கிஸ்பெர்த் தெருவிலிருந்து மேலே போக லிஃப்ட் உண்டு. அதன் அடிவாரத்தில் உள்நாட்டுப் போர்க் காலத்தில் பாறைக்குள் குடைந்த குண்டுவீச்சுப் பாதுகாப்பிடம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து உட்கார்ந்த இடம். கடற்படைத் தளம் இருந்ததால் இந்த ஊர்மேல் குண்டு ஓயாமல் விழுந்தது.

கோட்டை மேலிருந்து வடக்கே பார்க்க வேண்டும். எல்லாரும் துறைமுகத்தைத்தான் பார்ப்பார்கள். வடக்கே அடுக்குமாடிகள் நிற்கும் சமதரை ஒரு காலத்தில் உப்பங்கழி. கி.மு. 209இல் ரோமத் தளபதி ஸ்கிபியோ நிலத்துப் பக்கமிருந்து கோட்டை வாசலைத் தாக்கிக்கொண்டே, ஒரு படைப்பிரிவைக் கழி வழியாக அனுப்பினார். நீர் வடிந்திருந்த நேரம். அந்தப் பக்க மதிலில் காவல் இல்லை, ஏணி வைத்து ஏறிவிட்டார்கள். கடல் தேவன் நெப்டியூன் உதவுவான் என்று வீரர்களிடம் சொல்லியிருந்தார். மத்தியதரைக் கடலில் ஏற்ற இறக்கம் என்பது பேருக்குத்தான், அதனால் நீர் எப்படி வடிந்தது என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். காற்று தள்ளியிருக்கும் என்பது ஒரு கட்சி. எப்படியோ, பக்கத்து மலைகளின் வெள்ளிச் சுரங்கங்கள் ரோமின் கைக்குப் போயின. அங்கே 40,000 பேர் வேலை செய்ததாகவும் நாளுக்கு 25,000 திராக்மா கிடைத்ததாகவும் பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியுஸ் எழுதியிருக்கிறார்.

பன்னிரண்டரைக்குக் காயே மயோர் என்னும் பெரிய தெருவுக்கு வந்துவிட வேண்டும். காலையில் பிணம்போல் கிடந்த அதே தெரு. இப்போது வாசலுக்கு வாசல் உயர மேசை, பாட்டிகள் முத்துத்தோடு போட்டுக்கொண்டு, பேரன்கள் பந்து உதைத்துக்கொண்டு. தரை வழவழப்பான கல். இங்கே மழை ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் அளவில்தான், ஆனால் பெய்த அன்று வழுக்கும். தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம்.

சாப்பிட என்ன என்று கேட்டால், மரினேரா. முறுக்குபோல வளைத்துச் சுட்ட மொறுமொறு ரொட்டிமேல் மயோனைஸ் உருளைக்கிழங்கு சாலட், அதன்மேல் ஒரு உப்புக் கருவாட்டு நெத்திலி. ஒரு கையில் எடுத்து இரண்டு கடியில் முடிக்க வேண்டும். தட்டில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் ரொட்டி நமத்துவிடும். உட்கார்ந்து சாப்பிட நேரம் இருந்தால் கால்தேரோ. மீனவர் சோறு: மீன் குழம்புச் சாறும் காய்ந்த ஞோரா மிளகாயும் சேர்த்து இரும்புச் சட்டியில் வெந்த அரிசி, மீன் தனித் தட்டில், பூண்டு அரைத்த அலியோலி தொட்டுக்கொள்ள. இதைப் பெரும்பாலும் இரண்டு பேருக்கு என்றுதான் போடுவார்கள், வேகவும் நேரமாகும். இரண்டு மணிக்குச் சொன்னால் சாப்பிட்டு எழ மூன்றரை. கப்பல் ஐந்துக்குக் கிளம்புகிறது என்றால் ஆசைப்படக் கூடாது.

சைவக்காரர்களுக்குச் சில குழிகள். மிச்சிரோனெஸ் என்று பார்க்க அசல் மொச்சைக் குழம்பு மாதிரியே ஒன்று வரும். உள்ளே பன்றித் தொத்திறைச்சியும் எலும்பும் கிடக்கும். கலவை சாலட் என்று கேட்டால் சூரை மீன் தூவிக் கொண்டு வருவார்கள். ‘சின் கார்னே’, அதாவது இறைச்சி வேண்டாம் என்றால் அவர்கள் காதில் அது மீனையும் சில சமயம் ஹாமையும் தடுப்பதில்லை. ‘சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்’ என்று மூன்றையும் சொல்ல வேண்டும். பயமில்லாதவை: தக்காளி தேய்த்த ரொட்டி, வறுத்த பத்ரோன் மிளகாய். முட்டை சாப்பிடுவோருக்குச் சரங்கோயோ இருக்கிறது. சுக்கினியும் வெங்காயமும் வதக்கி முட்டை ஊற்றியது, நம் வீட்டுப் பொரியலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இனிப்புக்குப் பபரஹோத்தேஸ்: எலுமிச்சை இலையை மாவில் தோய்த்துப் பொரித்து, சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவித் தருவார்கள். பஜ்ஜி என்று நினைத்து இலையோடு கடித்துவிடக் கூடாது. காம்பைப் பிடித்து உருவினால் இலை வந்துவிடும். மாவு மட்டும்தான் உண்பது, இலை வாசனைக்கு.

ஊருக்கே உரிய காபி ஆசியாத்திகோ. இதைப் போடுவதைக் கவுண்டரில் நின்று பார்க்க வேண்டும். கனமான, காலுள்ள சின்னக் கண்ணாடிக் கோப்பை. அடியில் ஒரு விரல் உயரம் கண்டென்ஸ்டு மில்க். அதன்மேல் கொஞ்சம் பிராந்தி, கொஞ்சம் லிகோர் 43. இந்த மஞ்சள் மதுபானம் இதே ஊர்ச் சரக்கு, 43 பொருள் சேர்வதால் அந்தப் பெயர். பிறகு எஸ்பிரசோவை மெல்ல ஊற்றி, மேலே பால் நுரை, பட்டைத்தூள், ஒரு கீற்று எலுமிச்சைத் தோல், இரண்டு காபிக்கொட்டை. நன்றாகப் போட்டால் வெள்ளை, பொன், கறுப்பு, வெள்ளை என்று அடுக்கு பிரிந்து நிற்கும். கலங்கியிருந்தால் அவசரமாக ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கலக்காமல் குடித்தால் முதலில் கசப்பு, கடைசியில் வெறும் மில்க்மெய்ட். ஆகவே அழகைப் பார்த்துவிட்டு அடிவரை கலக்கிவிடலாம். மது வேண்டாதவர்கள் ‘பொம்போன்’ என்று கேட்கலாம்: கண்டென்ஸ்டு மில்க்கும் எஸ்பிரசோவும் மட்டும். டீ கேட்காதீர்கள். வெந்நீரில் ஒரு பையும், பக்கத்தில் ஆறிப்போன பாலும் வரும்.

கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, வெளி மேசையில் பல இடங்களில் கொஞ்சம் கூட. டிப்ஸ் கட்டாயமில்லை. ஒரு காபி வாங்கினால் கழிப்பறைக்கும் வழி கிடைக்கும்; பொதுக் கழிப்பறையை நம்பிக் குழந்தைகளோடு கிளம்ப வேண்டாம். மருந்து வேண்டுமானால், மூடிய மருந்துக்கடையின் கண்ணாடியில் அன்று முறைப்படி திறந்திருக்கும் கடையின் முகவரி ஒட்டியிருக்கும்.

இரண்டு மணிக்குத் தெருவை விட்டுக் கப்பல் பக்கம் திரும்பினால் கடைசி இடம் ஆர்குவா, தேசிய நீரடித் தொல்லியல் அருங்காட்சியகம். துறைமேடையிலேயே இருக்கிறது, ஞாயிறு இலவசம், மூன்று மணி வரை திறந்திருக்கும். இதைக் கடைசியில் வைப்பதற்கு அதுதான் காரணம்: ஊர் சாப்பிடப் போகும் நேரத்தில் திறந்திருக்கும், கப்பலுக்குப் போகும் வழியிலேயே இருக்கும். கப்பல் இரவுதான் கிளம்புகிறது, கால்தேரோ உண்டு என்றால் மட்டும் இதை நண்பகலுக்கு முன்னால் இழுத்துக்கொள்ளலாம்.

உள்ளே கூட்டம் நிற்பது ‘மெர்செதெஸ்’ நாணயங்களிடம். 1804 அக்டோபர் 5 அன்று போர்ச்சுகல் கரைக்கு அப்பால் ஆங்கிலேயர் தாக்கியதில் வெடித்து மூழ்கிய ஸ்பானியப் போர்க்கப்பல் அது. 2007இல் ஓர் அமெரிக்க நிறுவனம் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட நாணயங்களை அள்ளிக்கொண்டு ஃப்ளோரிடா போனது. ஸ்பெயின் வழக்குப் போட்டு, 2012இல் விமானத்தில் திருப்பிக் கொண்டுவந்தது. கட்டியாக ஒட்டிக்கொண்ட வெள்ளிக் காசுகளில் பைச் சுருக்கின் வடிவம் இன்னும் தெரிகிறது. துணி மக்கிவிட்டது, காசு பை வடிவிலேயே உறைந்து நிற்கிறது.

அதைவிட நின்று பார்க்க வேண்டியது யானைத் தந்தங்கள் என்பது என் கட்சி. பக்கத்துக் கடலில் பாஹோ தெ லா கம்பானா என்னும் பாறைமேட்டில் உடைந்த, பழங்காலக் கடல் வணிகர்களான ஃபினீசியரின் கப்பல் சரக்கு. கி.மு. ஏழாம் நூற்றாண்டு வாக்கில் போனது. சில தந்தங்களில் ஃபினீசிய எழுத்தில் பெயர்களைக் கீறியிருக்கிறார்கள். வணிகச் சரக்கில் பெயர் பொறிக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல, பானை ஓட்டில் எத்தனை பார்த்திருக்கிறோம். கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் சாய்வாக விழும் கோணத்தில் பார்த்தால்தான் கீறல் தெரியும்; நேரே நின்றால் வெறும் பழுப்புக் கொம்பு.

ஐசக் பெரால் பாக்கி. இந்த ஊரில் 1851இல் பிறந்த கடற்படை அதிகாரி. மின்கலத்தில் ஓடி நீருக்கடியிலிருந்து டார்பிடோ விடக்கூடிய நீர்மூழ்கியை 1888 செப்டம்பரில் நீரில் இறக்கினார். சோதனையில் ஓடியும் மேலிடம் கைவிட்டது. 22 மீட்டர் நீள உடல் மட்டும் தப்பி, பல காலம் திறந்தவெளியில் நின்று, இப்போது கடற்படை அருங்காட்சியகத்தை ஒட்டிய கூடத்தில் இருக்கிறது. அதுவும் ஞாயிறு மதியத்தோடு மூடிவிடும் என்பதால், இரும்பும் எந்திரமும் பிடித்தவர்கள் கோட்டையை விட்டுவிட்டு அந்த ஒரு மணி நேரத்தை இங்கே செலவிடலாம். இரண்டையும் நுழைக்கப் பார்த்தால் தெருவின் நேரம் போய்விடும்.

இந்தக் கணக்கெல்லாம் சாதாரண ஞாயிறுக்கு. ஈஸ்டரை ஒட்டிய புனித வார ஞாயிறுகளில் ஊர்வலம் தெருவை அடைத்துவிடும். செப்டம்பர் பிற்பாதியில் கார்த்தேஜ்காரர், ரோமானியர் என்று வேடம் கட்டி ஊரே இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கும் விழா. அப்போது ‘அமைதியான ஊர்’ என்ற பேச்சே கிடையாது.

லிகோர் 43 பாட்டில் வாங்க ஞாயிறு அன்று கடை கிடைப்பது கடினம். கிடைத்து வாங்கினாலும் ஏறும் வாசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலான கப்பல்கள் அதை வாங்கிச் சீட்டு ஒட்டி வைத்துக்கொண்டு, கடைசி இரவுதான் அறைக்கு அனுப்பும். அந்த எக்ஸ்ரே வரிசை கடைசி அரை மணியில் மேடை நெடுக நீளும். நிழலே இல்லாத மேடை அது. முக்கால் மணி முன்னதாக வந்துவிட்டால் நேராக உள்ளே போய்விடலாம்.